வாள் எந்தக் கையில்?

“நொட்டாங்கையாலயா?”

பொன்னையா முதலாளி மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கூடத்தில் வடை தின்றுகொண்டிருந்த அத்தனை வாயும் பாதியில் நின்றுவிட்டன.

கந்தப்பன் குனிந்து பார்த்தான். தேத்தண்ணி டம்ளர் அவனுடைய இடது கையில் இருந்தது. பெண் பார்க்க வந்த இடம். பதுளைக் கடைவீதியிலேயே பெரிய ஜவுளிக்கடைக்காரர் வீடு. அங்கே போய், வலது கை சும்மா மடியில் கிடக்க, இடது கையால் டம்ளரைத் தூக்கியிருக்கிறான்!

முழுத் தப்பும் அவனுடையது என்று சொல்லிவிட முடியாது. பெண் சந்திரகாந்தி டம்ளரை அவனுக்கு இடது பக்கமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் வலது பக்கம்; இவனுக்கு மட்டும் இடது. பதற்றம் போலிருக்கிறது.

வியாபாரத்தில் இடது கை பட்டால் கடை விளங்காது என்று நம்புகிறவர் பொன்னையா. இடது கையை நீட்டிக் கேட்டவனுக்கு ஒரு முழம் துணிகூடக் கிழித்துக் கொடுத்ததில்லை. தெமோதரையிலிருந்து மாட்டு வண்டியில் வரும்போதே அத்தை பெரியாயி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “டேய் கந்தா, அந்தக் கையத் துண்டுக்குள்ள சுருட்டி வச்சுக்கடா. கல்யாணம் முடிஞ்சப்புறம் வெளிய எடுக்கலாம்!”

ஆனால் கந்தப்பன் அசரவில்லை. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை அவன். விடிகாலைப் பனியில் முந்நூறு பேரைப் பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவன். வாயால் தப்பிக்க முடியாத இக்கட்டு ஒன்று இருபத்தாறு வயதுவரை அவனுக்கு வாய்த்ததில்லை.

“ஆமாங்க முதலாளி. வேணும்னுதான் எடுத்தேன்” என்றான்.

பெரியாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேணும்னா?”

“நீங்க இப்பத்தானே கேட்டீங்க, மறக்க முடியாத படம் எது, ஏன்னு? அதுக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அது பொன்னையாவின் வழக்கம். கூடாரம் அடித்து பயாஸ்கோப் காட்டுகிறவர்கள் பதுளைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மனிதர் ஒரு படத்தையும் விடவில்லை. ‘ஒரு மனுசன் எதப் பாத்துட்டு மறக்காம இருக்கானோ, அதுதான் அவன்’ என்பது அவர் கண்டுபிடிப்பு. பெண் பார்க்க வருகிற ஒவ்வொருவனிடமும் அதே கேள்வி. ரயில் படம் என்று ஒருவன் சொன்னான். ‘ஓடிப்போற பய’ என்று கழித்தார். வெள்ளைக்காரிகள் ஆடிய படம் என்றான் இன்னொருவன். வடை வருமுன்பே வழியனுப்பி வைத்தார். பார்த்ததெல்லாம் மறந்துபோச்சு என்றான் மூன்றாமவன். ‘என் மகளையும் மறந்துருவான்.’ இப்படிப் பதினொரு பேர்.

கந்தப்பன் பன்னிரண்டாவது ஆள். அவன் டம்ளரைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தான்.

“கப்பல் சண்டைப் படம் முதலாளி. பாய்மரத்து உச்சியில நிக்கிறான் அந்த வீரன். ஒரு கையில கயிறு, ஒரு கையில வாளு. கீழயிருந்து ஏழு பேரு ஏறி வர்றானுங்க. ஏழு பேரையும் ஒத்த ஆளா கடல்ல தள்ளுறானே, அந்த வாளு எந்தக் கையில இருந்துச்சு? நொட்டாங்கையில! சின்ன வயசுல இருந்து இந்தக் கைக்காக அடி வாங்காத நாளில்ல எனக்கு. சோறு தொட்டா அடி, விபூதி எடுத்தா அடி. அன்னைக்கு அவனப் பாத்தப்புறந்தான், கடவுள் இந்தக் கையையும் ஒரு வேலைக்காகத்தான் குடுத்திருக்காருன்னு தெம்பு வந்துச்சு. அந்தப் படத்தச் செத்தாலும் மறக்க மாட்டேன்.”

அவ்வளவும் சத்தியம். அவன் வாயிலிருந்து கலப்படமில்லாத சத்தியம் வருவது அபூர்வம் என்பதால் பெரியாயிகூடக் கண்ணைத் திறந்து பார்த்தாள். உள்ளறைக் கதவின் இடுக்கில் வளையல் ஒன்று அசைந்தது.

பொன்னையா மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இத்தன பேர்ல இப்படி ஒரு காரணம் யாருமே சொல்லல. நெஞ்சத் தொட்டுட்டீங்க கணக்கப்புள்ள.”

“அப்ப, தாம்பாளத்த…” என்று பெரியாயி முந்தினாள்.

“ஆனா அந்த வீரன் சோத்துக்கைக்காரன்!”

“இல்லீங்களே.”

“நாலு தடவ பாத்தேன்யா!”

“நான் ஆறு தடவ.”

“எங்க உக்காந்து?”

கந்தப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். காரணம் இருந்தது.

கூடாரத்துக்கு நட்டநடுவே ஒரு வெள்ளைத் துணி தொங்கும். வாளி வாளியாகத் தண்ணீர் அடித்து அதை ஈரமாகவே வைத்திருப்பார்கள். ஈரம் இருந்தால்தான் வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கமும் படம் தெரியும். துணிக்கு முன்னால் நாற்காலி: கடை முதலாளிகள், கந்தோர் உத்தியோகஸ்தர்கள். பின்னால் பாய்: தோட்டத்துச் சனம். கணக்கப்பிள்ளை ஒருவன் தான் பேர் கூப்பிடும் ஆட்களோடு பின்பாயில் உட்காருவதா? வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். ஆனால் கந்தப்பன் உட்கார்ந்தது அங்கேதான். முண்டாசை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு ஆறு தடவையும் அங்கேதான். நாற்காலியில் விசிலடிக்க முடியுமா? வீரன் வாளை உருவும்போது எழுந்து நின்று கத்த முடியுமா? பின்னால் எல்லாம் முடியும். ஒரே ஒரு தொல்லைதான். அவன் எழுந்து நின்ற போதெல்லாம் அவனுக்குப் பின்னால் அடுத்த பாயில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் எவளோ ஒருத்தி அவித்த கடலையால் அவன் பிடரியில் அடிப்பாள். “உக்காருய்யா, கப்பல் தெரியல!”

“நாற்காலியிலதாங்க” என்றான் கந்தப்பன்.

“எத்தனாவது வரிசை?”

“மூணாவது.”

“மூணாவதுல நான்ல உக்காருறேன்?”

“ஒங்களுக்குப் பின்னாடிங்க. ஒங்க தலைப்பா கொஞ்சம் மறைச்சுச்சு. பெரியவருன்னு ஒண்ணும் சொல்லல.”

பொன்னையா தன் மொட்டைத் தலையைத் தடவினார். “நான் தலைப்பா கட்டுறதே இல்லையே!”

பெரியாயி குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

பொன்னையா எழுந்து நின்றார். “வர்ற ஞாயித்துக்கெழம அதே படத்தக் கடைசியாக் காட்டப்போறாங்க. எல்லாரும் போவோம். நாற்காலியில உக்காந்து பாப்போம். வாளு நொட்டாங்கையில இருந்தா அங்கேயே தட்ட மாத்திக்கலாம். சோத்துக்கையில இருந்தா நீங்க தெமோதரையப் பாத்து நடக்கலாம். நொட்டாங்கைய நான் பொறுத்துக்குவேன் கணக்கப்புள்ள. பொய்யப் பொறுத்துக்க மாட்டேன்.”

வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மட்டும் ஆசையா, வர்றவனையெல்லாம் வெரட்டணும்னு? எம்மக வாயத் தெறந்து ‘வேணும்’னும் சொல்ல மாட்டா, ‘வேணாம்’னும் சொல்ல மாட்டா. ‘இவருதான்’னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டான்னா, கையே இல்லாதவனா இருந்தாலும் கட்டி வச்சுருவேன். சொல்ல மாட்டேங்குறாளே! அதனாலதான் இந்தப் படத்தக் கட்டிக்கிட்டு அழறேன்.”

கந்தப்பன் நிமிர்ந்த நெஞ்சோடு வண்டியேறினான். பயம்? எதற்கு? ஆறு தடவை கண்ணால் பார்த்த கை!

அந்த உறுதியில்தான் அவன் இரண்டாவது தவறைச் செய்தான். மறுநாள் பெரட்டுக்களத்திலேயே விஷயத்தை அவிழ்த்துவிட்டான். “வாளு எந்தக் கையில?” என்று அவன் கேட்க, “நொட்டாங்கையில!” என்று முந்நூறு பேரும் முழங்கினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பின்பாய்க்காரர்கள், ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போக நாற்பது பேர் துண்டு கேட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியே போக அந்த அனுமதிச் சீட்டு வேண்டும். நாற்பது பேருக்கும் துரையிடம் பேசிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். மாமனார் தோற்கும்போது கைதட்ட ஆள் வேண்டாமா?

ஞாயிறு மத்தியானம், ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே, ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போனான். சும்மா ஓர் ஆறுதலுக்கு. மெசின் ஓட்டுகிற ஸஹாப்தீன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, வாழையிலைப் பொட்டலத்திலிருந்து அவித்த கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“நானா, அந்தக் கப்பல் சண்டை வீரன் நொட்டாங்கைக்காரன்தானே?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் கந்தப்பன்.

“நீங்க எந்தப் பக்கம் உக்காந்து பாத்தீங்க?”

“பின்… ஏன், பக்கத்துக்கு ஒரு கையா?”

ஸஹாப்தீன் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். கந்தப்பனின் தோளில் கிடந்த மெல்லிசுத் துண்டை எடுத்தார். அதில் ஒரு மூலையில் பூ பின்னியிருந்தது. விரித்துக் காட்டினார். பூ வலது மூலையில் இருந்தது. “இப்ப இந்தப் பக்கம் வந்து பாருங்க.”

கந்தப்பன் சுற்றிப் போய்ப் பார்த்தான். பூ இடது மூலையில் இருந்தது.

கோழி கீழே விழுந்து ஓடியது. அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொஞ்சம் அழுகையும் வந்தது. பெண் போவது ஒருபுறம்; தன் கைக்கு வக்காலத்து வாங்க உலகத்தில் இருந்த ஒரே வீரனும் போய்விட்டான்.

ஆனால் கணக்கப்பிள்ளை அல்லவா!

“நானா, நேரா வர்றதப் புரண்டு வர வைக்க முடியாதா?”

“ஏன் முடியாது? சுருளப் புரட்டிப் பூட்டினா படமும் புரண்டு விழும். நாற்காலிக்காரருக்கு நொட்டாங்கை, பாய்க்காரருக்குச் சோத்துக்கை.”

“புரட்டிருங்க! இந்தக் கோழி ஒங்களுக்குத்தான்.”

ஸஹாப்தீன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இப்ப இருக்கிறதுல இருந்து புரட்டணும். அதானே?”

“ஆமாங்க நானா! இப்ப இருக்கிறதுல இருந்து!”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிக்க என்ன இருக்கு?”

“எனக்கென்ன, நான் மெசின்காரன். சொன்னதச் செய்வேன், ஏன்னு கேக்க மாட்டேன், ஒருத்தர் விசயத்த இன்னொருத்தர்கிட்டச் சொல்ல மாட்டேன்” என்று சொல்லி அவர் கோழியை வாங்கிக்கொண்டார்.

கந்தப்பன் விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தான். பாதி விசிலில் நின்றான். சுருள் புரண்டால் பின்னாலிருக்கும் நாற்பது பேருக்கும் வலது கையல்லவா தெரியும்? அவர்கள் ‘சோத்துக்கை’ என்று கத்தினால்?

ஓடினான். கூடார வாசலில் கடலை கொறித்துக்கொண்டிருந்த தன் ஆட்களைக் கூட்டி நிறுத்தி, “உள்ள என்ன தெரிஞ்சாலும் சரி, வாள உருவுன ஒடனே எல்லாரும் ‘நொட்டாங்கை’ன்னு கத்தணும். விளங்குச்சா?” என்றான்.

“கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரிக் கத்துறோம் கணக்கப்புள்ள ஐயா!”

பொழுது சாயப் பொன்னையா குடும்பத்தோடு வந்து இறங்கினார். கூடவே வட்டக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர்.

“இவரு தபால் கந்தோர் தங்கராஜா. யாழ்ப்பாணத்துக்காரரு, இங்கிலீசு நல்லாப் படிப்பாரு. இவருதான் நடுவரு. நடுவுல வர்ற எழுத்தையெல்லாம் படிச்சு, இது அதே படந்தானான்னு சொல்லுவாரு.”

கந்தப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்து! கை புரண்டால் எழுத்தும் புரளுமே! இந்த மனிதர் ஒரு வார்த்தை படிக்க முயன்றாலே குட்டு உடைந்துவிடும்.

“ஐயா, ஒங்க கண்ணாடியில தூசி. குடுங்க, தொடச்சுத் தாரேன்” என்று பிடுங்காத குறையாக வாங்கி, துடைத்து, தன் மடியில் செருகிக்கொண்டான்.

“பரவாயில்லைத் தம்பி, வச்சிருங்கோ” என்று தங்கராஜா கோட்டுப் பையில் கைவிட்டார். “என்னட்டை இன்னொண்டு கிடக்கு.”

விளக்கு அணைந்தது. மெசின் கடகடத்தது. ஈரத்துணியில் எழுத்து வந்து விழுந்தது. கந்தப்பன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

தங்கராஜா கடகடவென்று வாசித்து முடித்தார். “ஓம், அதே படம்தான். எழுத்து நல்ல வடிவாத் தெரியுது.”

அப்பாடா என்று மூச்சு விட்டான் கந்தப்பன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. எழுத்து வடிவாத் தெரியுதா? எழுத்து நேராக இருந்தால்… சுருள் புரளவில்லையே!

திரும்பி மெசினைப் பார்த்தான். ஸஹாப்தீன் நிதானமாகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோழி அவர் காலடியில் கூடைக்குள் கிடந்தது.

துணியில் கப்பல் வந்தது, புயல் வந்தது. ஏழாவது தடவையாக அந்த வீரன் பாய்மரத்தில் ஏறினான். ‘ஐயா சாமி, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கைய மாத்திக்க’ என்று கந்தப்பன் மனதுக்குள் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சினான்.

வீரன் வாளை உருவினான். வலது கையால்.

“சோத்துக்கை!” என்று நாற்காலியிலிருந்து துள்ளினார் பொன்னையா.

“நொட்டாங்கை!” என்று துணிக்குப் பின்னாலிருந்து நாற்பது தொண்டைகள் இடித்தன. கூடாரம் குலுங்கியது. “நம்ம கணக்கப்புள்ள ஐயா சொன்னது சரி! நொட்டாங்கையேதான்!”

பொன்னையா துணியைப் பார்த்தார். கந்தப்பனைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து, துணியின் ஓரத்தைத் தூக்கி, அந்தப் பக்கம் போய் மறைந்தார்.

“உக்காருய்யா, கப்பல் தெரியல!” என்று பின்னால் யாரோ அவரை அதட்டுவது கேட்டது.

திரும்பி வந்தபோது மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கந்தப்பன் முன்னால் வந்து நின்றார்.

“பின்னாடி போய்ப் பாத்தேன். அங்க நொட்டாங்கைதான். நாலாவது வரிசை எங்க இருக்குன்னு இப்ப விளங்கிருச்சு.”

படம் முடிந்து விளக்கு ஏற்றினார்கள். ஏழு பேரும் கடலில் விழுந்திருந்தார்கள், கந்தப்பன் எட்டாவது. அப்போதாவது அவன் பேசாமல் போயிருக்கலாம். தெமோதரைக்குப் பாதை இருக்கிறது, கால் இருக்கிறது. ஆனால் ஆத்திரம் யாரை விட்டது? ஊர் முழுக்கப் பார்க்க, ஒரே பாய்ச்சலில் மெசினண்டை போய் ஸஹாப்தீனின் சட்டையைப் பிடித்துவிட்டான். இடது கையால்தான்.

“கோழியையும் வாங்கிக்கிட்டு இப்படிச் செஞ்சுட்டீங்களே நானா! புரட்டுறேன்னு சொன்னீங்களா இல்லையா?”

“புரட்டுறதா? எதப் புரட்டுறது?” பொன்னையா பின்னாலேயே வந்து நின்றார்.

சொல்லித் தீரவேண்டியதாயிற்று. துண்டு, பூ, சுருள், கோழி எல்லாவற்றையும் கந்தப்பன் சொன்னான். தங்கராஜாவின் கண்ணாடியை மடியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தான். பெரியாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பாயில உக்காந்ததுக்கு ஒரு பொய். அதக் காப்பாத்த இத்தன திருட்டுத்தனம்” என்றார் பொன்னையா. அவர் குரலில் கோபத்தைவிடச் சோர்வுதான் தெரிந்தது. “பன்னெண்டாவது ஆளும் போயாச்சு. எம்மகளும் வாயத் தெறக்கப் போறதில்ல, நானும் ஒருத்தனுக்கும் கட்டிக் குடுக்கப் போறதில்ல. வாம்மா சந்திரகாந்தி, வீட்டுக்குப் போவோம்.”

சந்திரகாந்தி நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, முந்தானை முடிச்சைத் திருகிக்கொண்டு நின்றாள். முடிச்சு அவிழ்ந்து நாலைந்து அவித்த கடலை தரையில் உருண்டது.

ஸஹாப்தீன் கந்தப்பனின் பிடியிலிருந்து சட்டையை விடுவித்து, சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார்.

“வேலையில குத்தம்னு சொன்னா மட்டும் நான் பொறுக்க மாட்டேன் முதலாளி. காலையில கோயிலுக்குப் போற வழியில ஒங்க மக வந்து, ‘எப்பவும் எனக்கு முன்னாடி பாயில எந்திரிச்சு நின்னு நொட்டாங்கையால விசிலடிக்கிறாரே, இன்னைக்கு அவருதான் ஜெயிக்கணும் நானா’ன்னு சொல்லிக் கடலையக் குடுத்துச்சு, சுருளப் புரட்டுனேன்; மத்தியானம் இவரு வந்து கோழியக் குடுத்தாரு, மறுபடியும் புரட்டுனேன்!”